நாணயமே ஈடு

இன்று ‘தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்’ என்று பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருக்கும் ஸ்தாபனத்திற்கு நம் பாட்டனார் காலத்தில் வேறொரு பெயர் வழங்கிற்று. ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்பது அப்பெயர். முகையூர் வட்டாரத்தில் வயது முதிர்ந்த பெரியவர்கள் சிலர் இன்றும் ‘நாணய சங்கம்’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம், பழைய பெயரே பொருத்தமான பெயர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசுக்கும் அது பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அதுவே பெயர். ‘அவர் நாணயமான மனிதர்’ என்று ஊரார் சொன்னால், அவரிடம் பணம் இருக்கிறதென்பது பொருளன்று. அவரை நம்பிப் பணம் கொடுக்கலாம் என்பதே பொருள். காசு இல்லாத ஏழையிடத்தும் நேர்மை இருக்கும்; அந்த நேர்மையை ஈடாகக் கொண்டு காசு கொடுக்கலாம்; பலருடைய நேர்மை ஒன்று சேர்ந்தால் அதைக் காட்டிலும் உறுதியான ஈடு வேறில்லை என்பதுதான் இந்த இயக்கத்தின் மூலக் கருத்து. அக்கருத்து முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடந்தது. ‘கடன் சங்கம்’ என்று பெயர் மாறிய பிறகு கடன் மட்டும் நினைவில் நின்றது. நாணயம் மறந்து போயிற்று. இதனால் விளைந்தது என்ன, இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றி, ஊர் ஊராகச் சென்று கணக்குப் புத்தகங்களைப் புரட்டும் ஓர் ஆய்வாளன் என்ற முறையில், அங்கத்தினர்களாகிய உங்களோடு சிறிது மனம் விட்டுப் பேச விரும்புகிறேன்.

இயக்கம் பிறந்த வரலாறு

1846ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டிலும் ஜெர்மனியின் மேற்குப் பகுதிக் கிராமங்களில் கொடிய பஞ்சம் நிலவிற்று. வையர்புஷ் என்னும் சிற்றூரின் நிர்வாகத் தலைவராக இருந்தவர் ரெய்பைசன் என்பவர். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் கடனாக வழங்க அவர் ஏற்பாடு செய்தார். பஞ்சம் நீங்கியது; ஆனால் லேவாதேவிக்காரரின் பிடி நீங்கவில்லை. பிறர் மனமிரங்கித் தரும் தருமம் நெடுநாள் நிலைக்காது; ஏழைகள் தாமே ஒன்று கூடித் தம் பொறுப்பில் பணம் திரட்டினாலன்றி விமோசனம் இல்லை என்று அனுபவத்தால் உணர்ந்த அவர், 1864இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் ஒரு கடன் சங்கத்தை நிறுவினார். ஒருவர் வாங்கிய கடனுக்கு அங்கத்தினர் அனைவரும் பொறுப்பு என்பது அத்தகைய சங்கங்களின் அடிப்படை விதி. ஆகவே, எவனுக்குக் கடன் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது, அவன் அதை விதைக்குச் செலவிட்டானா, விருந்துக்குச் செலவிட்டானா என்பதை அடுத்த வீட்டுக்காரன் கவனித்துக்கொண்டே இருந்தான். ஊர்க்கண்ணே அங்கு தணிக்கையாளராக விளங்கிற்று.

நெசவாளத் தோழர்கள் பெருமைப்படத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். இன்றைய உலகக் கூட்டுறவுக் கொள்கைகளுக்கு அடிகோலியவர்கள் அவர்களே. அந்த 28 பேரில் பலர் தறி நெய்து பிழைத்தவர்கள்.

இந்தியாவில் இவ்வியக்கம் வேரூன்றியதில் நம் மாநிலத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. அக்காலச் சென்னை அரசாங்கம், ஐரோப்பிய நாடுகளின் கிராமக் கடன் ஸ்தாபனங்களை ஆராய்ந்து வரும்படி பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. 1895இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய அறிக்கையின் சாரம், நம் கிராமங்களுக்கும் ஒரு ரெய்பைசன் வேண்டும் என்பதே. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் பதிவாயின. திருவல்லிக்கேணியில் நுகர்வோர் கூட்டுறவு பண்டகசாலையும் அவ்வாண்டே தோன்றிற்று. மறு ஆண்டு, 1905இல் சென்னையில் அமைந்த மத்திய நகர வங்கிதான் இன்று தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக வளர்ந்திருக்கிறது. நெசவாளர்களுக்கான தலைமைச் சங்கம், கோ-ஆப்டெக்ஸ் என நாம் அறிந்தது, 1935இல் பிறந்தது.

மற்றொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1907இல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த பைலீன் என்னும் அமெரிக்க வணிகர், வங்காளத்தில் கூட்டுறவுப் பதிவாளராக இருந்த கூர்லே என்பவரோடு பழகிக் கிராமக் கடன் சங்கங்களைக் கண்டறிந்தார். தாயகம் திரும்பிய அவர், அங்கே நாணயச் சங்க இயக்கத்தை வளர்க்க முனைந்தவர்களுள் முதன்மையானவரானார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதற்கான சட்டம் 1909இல் வந்தது. இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் அத்தகைய சங்கங்களில் அங்கத்தினர்கள். நம் கிராமத்துத் திண்ணையிலிருந்தும் ஒரு பிடி விதை அங்கே சென்றது என்று நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். விதை கொடுத்த நிலம் இன்று எவ்வாறு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தண்டலும் சங்கமும்

முகையூர் வட்டாரம் பெரும்பாலும் கிணற்றையும் ஏரியையும் வானத்தையும் நம்பியிருக்கும் பூமி. மணிலா, உளுந்து, நெல், கரும்பு, சவுக்கு என்று பயிர் மாறினாலும், பயிரிடுகிறவனின் நிலை ஒன்றுதான். விதை வாங்கும் நாளில் அவன் கையில் பணம் இல்லை. விளைச்சல் வீடு வரும் நாளில் கடன்காரன் வாசலில் நிற்கிறான். நெசவாளர் நிலையும் இதற்கு வேறன்று. பாவு வாங்கப் பணம் வேண்டும்; சேலை விற்றுக் கூலி வருமுன் அடுப்பெரிய வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் தண்டல்காரர் நுழைகிறார். அவருடைய கணக்கு யாவரும் அறிந்ததே. பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேசி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரம் ரூபாய்தானே வட்டி’ என்று நம்மவர் எண்ணுகிறார்கள். சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். வாங்கிய ஒன்பதாயிரமும் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. நாள்தோறும் கரைந்துகொண்டே வருகிறது. சராசரியாக அதில் ஏறத்தாழப் பாதிதான் உங்கள் உபயோகத்தில் இருக்கிறது. அந்தப் பாதிக்கு நூறு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்றால், ஆண்டு வட்டி நூற்றுக்கு எண்பதை ஒட்டி வரும்! அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும்; ஆனால் விதைப்புக்குப் பணம் கொடுக்காது. அதைக் கொடுக்க வேண்டியது சங்கம்.

சங்கம் கொடுக்கும் பயிர்க்கடனை உரிய தவணையில் திருப்பிச் செலுத்துகிறவருக்கு வட்டியே இல்லை. அந்த வட்டியை அரசு ஏற்றுக்கொள்கிறது. நூற்றுக்கு எண்பது ஒரு பக்கம், சுழியம் மறு பக்கம். இதைவிடத் தெளிவாகக் கூட்டுறவின் பயனை எடுத்துரைக்க என்னால் இயலாது. இன்னும், அறுவடைக் காலத்தில் விலை சரிந்திருந்தால் தானியத்தைக் கிடங்கில் வைத்து அதன்பேரில் ஈட்டுக் கடன் பெறலாம். விலை ஏறிய பின் அரகண்டநல்லூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்குக் கொண்டு போகலாம். அவசரத்தில் கமிஷன் மண்டியில் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

அவ்வாறாயின் தண்டல்காரர் ஏன் இன்னும் நம் ஊர்களில் மோட்டார் சைக்கிளில் வலம் வருகிறார்? 1954இல் அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வுக் குழு தன் அறிக்கையை வெளியிட்டபோது, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே என்றும், லேவாதேவிக்காரரின் பங்கு எழுபதை ஒட்டியது என்றும் கண்டது. அன்றைக்கு இன்று சங்கங்கள் பன்மடங்கு வளர்ந்துள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் தண்டல்காரரிடம் உள்ள ஒன்று நம் சங்கங்களில் குறைவாயிருக்கிறது. அவர் ஒவ்வொரு வீட்டையும் அறிந்திருக்கிறார். கல்யாணம் எப்போது, கிணற்று மோட்டார் எப்போது பழுது, பள்ளிக்கூடக் கட்டணம் எப்போது என்று அவருக்குத் தெரியும். ரெய்பைசன் கண்ட சங்கத்தின் பலமும் அதுவேயாகும். நம்முடைய பலம் வட்டிக்காரர் கைக்குப் போய்விட்டது.

‘நான் ஏமாளியா?’

என் பணி அனுபவத்தில் மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டா.

2021ஆம் ஆண்டுப் பொங்கலுக்குச் சில நாள் முன்பு ஒரு சங்க அலுவலகத்தில் புத்தகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஏக்கர் நிலமுள்ள விவசாயி ஒருவர் வந்து தம் பயிர்க்கடன் பாக்கியை எண்ணி வைத்தார். கறவையில் இருந்த ஒரு மாட்டை விற்று அப்பணத்தைக் கொண்டு வந்ததாகச் செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரசீதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த பிப்ரவரி மாதம் 5ஆம் நாள் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. ஜனவரி 31இல் நிலுவையில் இருந்த கடன்கள் தள்ளுபடியாயின. 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகள். 12,110 கோடி ரூபாய். மறுமுறை நான் அந்த ஊருக்குச் சென்றபோது அவர் எனக்காகக் காத்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. ‘ஐயா, கட்டாதவங்களுக்கெல்லாம் போயிடுச்சு. மாட்டை வித்துக் கட்டினேன். நான் ஏமாளியா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க’ என்று மட்டும் கேட்டார்.

அன்று நான் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

தள்ளுபடி கொடுத்த அரசின் நோக்கத்தைக் குறை கூறுவது என் கருத்தன்று. வறட்சியும் வெள்ளமும் கொள்ளை நோயும் அடுத்தடுத்துத் தாக்கிய காலத்தில் துன்பப்பட்ட குடும்பங்களுக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. அதற்கு முன்பும் 2006இலும் 2016இலும் மாநில அரசும், 2008இல் மத்திய அரசும் இத்தகைய நிவாரணங்களை வழங்கின. ஆனால் நோய்க்குக் கொடுக்கும் மருந்தையே நாளும் உணவாக எதிர்பார்க்கும் மனநிலை வளர்ந்துவிட்டதே, அதுதான் அஞ்சத்தக்கது. தேர்தல் எப்போது என்று பார்த்துத் தவணையைத் தள்ளிப் போடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் வறியவர்கள் குறைவு. கட்ட முடிந்தும் கட்டாதிருப்பவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே. அரை ஏக்கர் வைத்திருக்கும் விதவைத் தாயோ தவணை நாளுக்கு முன்பே வந்து நிற்கிறாள்.

ஒருவர் கட்டாவிட்டால் என்ன நேர்கிறது? சங்கத்தின் பணம் வானத்திலிருந்து வருவதன்று. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி சங்கத்திற்குக் கடன் தருகிறது; அதற்கு மாநிலத் தலைமை வங்கியும், 1982இல் அமைந்த நபார்டு வங்கியும் துணை நிற்கின்றன. ஊர்ச் சங்கத்தில் நிலுவை பெருகினால் மத்திய வங்கிக்குக் கட்ட வேண்டியது நின்றுபோகும். மறு ஆண்டு சங்கத்திற்கு வரும் தொகை சுருங்கும். அப்போது கடன் கிடைக்காமல் திரும்புகிறவர் யார்? நிலுவை வைத்த பெரியவரல்லர்; முதல் முறையாகக் கடன் கேட்டு வந்த எளியவர். அவர் சங்கத்தின் படியிறங்கி நேரே செல்லுமிடம் தண்டல்காரரின் வீடுதான். ஆகவே, கட்ட முடிந்தும் கட்டாதவர் அரசை ஏமாற்றுவதாக எண்ணிக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரை ஏமாற்றுகிறார்.

கட்ட முடியாதவர் நிலை முற்றிலும் வேறு. 2024 நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது நம் விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டிய மழையையும், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை இரு கரையும் புரண்டோடியதையும் நாம் கண்ணால் கண்டோம். நிலத்தில் மணல் மேடிட்டவரிடம் போய்த் தவணை கேட்பது மனிதத் தன்மையன்று. அத்தகையோருக்காகவே குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணை நீட்டிக்கும் முறையும், பயிர்க் காப்பீடும் இருக்கின்றன. கஷ்டத்தால் கட்டாதவரையும் மனமின்றிக் கட்டாதவரையும் பிரித்தறிய வேண்டும். இப்பிரிவினையைச் சென்னையிலிருந்தோ டில்லியிலிருந்தோ செய்ய முடியாது. ஊரில் இருப்பவர்களால்தான் செய்ய முடியும். கூட்டுறவு என்னும் ஏற்பாட்டின் அருமை இதுதான்.

நெசவாளர் சங்கங்களிலும் இதே நோய் வேறு உருவில் உண்டு. சங்கம் கொடுத்த நூலில் வெளியாருக்கு நெய்து கொடுப்பதும், நல்ல சரக்கைத் தனியாருக்கும் மட்டச் சரக்கைச் சங்கத்திற்கும் தள்ளுவதும் சிலர் வழக்கம். சிறுவந்தாட்டுப் பட்டுக்கு ஊர்ப் பெயரே விலை தேடித் தருகிறதென்றால், அது அங்குள்ள கைகளின் நாணயத்தால் வந்தது. சங்கத்துச் சேலையில் இழை குறைந்தால் கடையில் விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் கூலி தாமதமாகும். கூலி தாமதமானால் நெசவாளர் பெருமுதலாளியின் வாசலுக்கே திரும்ப வேண்டும். வட்டம் சுற்றி வந்து நம் காலையே கட்டுகிறது.

ஆய்வாளரின் கண்ணும் அங்கத்தினரின் கண்ணும்

குறை அங்கத்தினரிடம் மட்டும் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. சங்கங்களை அரசு அலுவலகத்தின் கிளைகள் போல நடத்தும் பழக்கம் எங்களுக்குப் படிந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இல்லாமல் தனி அலுவலர்களின் பொறுப்பிலேயே சங்கங்கள் பல ஆண்டுகள் இயங்கியதுண்டு. ‘இது எங்கள் சங்கம்’ என்ற எண்ணம் அங்கத்தினரிடம் தேய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆய்வாளர் என்பவர் ஆண்டில் சில நாள் வருகிறவர். கூட்டுறவுச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி விசாரணை செய்யலாம். 87ஆம் பிரிவின்படி இழப்பை வசூலிக்க வழி செய்யலாம். ஆனால் இவையெல்லாம் எலி நெல்லைத் தின்ற பிறகு பொறி வைப்பதாகும். 2021இல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காக மாநிலம் முழுவதும் நகைகளைச் சரிபார்த்தபோது, சில இடங்களில் போலி நகைகளும் பொட்டலமே இல்லாத கடன்களும் வெளிப்பட்டன. அதே ஆண்டில் கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துக் கூட்டுறவு வங்கியொன்றில் நடந்த மோசடி அம்பலமாயிற்று. பெண்ணின் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்குமென்று போட்டு வைத்த பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் எளியவர்கள் தவித்தார்கள். அங்கேயும் தணிக்கையாளர் இருந்தார்கள். இல்லாமற் போனது அங்கத்தினரின் கண்தான்.

இவ்விடத்தில் யாவரும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வங்கிகளில் போடும் வைப்புத் தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் காப்புறுதி இருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் ஊரிலுள்ள தொடக்கச் சங்கத்திற்கு அந்தக் காப்புறுதி கிடையாது. இதைக் கேட்டு யாரும் அஞ்சிப் பணத்தை எடுத்துவிட வேண்டியதில்லை. விழித்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அங்கத்தினரின் விழிப்பே தொடக்கச் சங்கத்தின் காப்புறுதி.

அவ்விழிப்பைக் காட்டும் இடம் பொதுப் பேரவைக் கூட்டம். அது இன்று எவ்வாறு நடைபெறுகிறது? கையொப்பம் இடுகிறோம், காபி அருந்துகிறோம், தீர்மானங்களை வாசித்து முடிப்பதற்குள் நாற்காலிகள் காலியாகின்றன. ஒரு முறை ஒரு கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத அம்மையார் ஒருவர் எழுந்து, ‘போன வருஷம் எவ்வளவு லாபம், இந்த வருஷம் எவ்வளவு, ஏன் குறைஞ்சது? அது மட்டும் சொல்லுங்க’ என்றார். மூன்றே கேள்விகள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. விடை சொல்ல அரை மணி நேரமாயிற்று. அந்த அரை மணியில் சங்கத்தின் நிலைமை அனைவருக்கும் விளங்கிற்று. எந்தத் தணிக்கை அறிக்கையும் அவ்வளவு வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை. தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டம் 2022 முதல் நாடெங்கும் நடைபெற்று வருகிறது. கணக்கு விரைவில் கைக்கு வரும், நல்லதுதான். ஆனால் கணினி எழுந்து நின்று ‘ஏன் குறைந்தது?’ என்று கேட்காது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

சிறு துளி பெரு வெள்ளம்

கடன் வாங்க மட்டும் வருகிறவர்களால் சங்கம் வளராது. சேமிக்க வருகிறவர்களாலேயே வளரும். பிறர் பணத்தில் நடக்கும் சங்கம் பிறர் சொற்படிதான் நடக்கும். சொந்தப் பணம் உள்ள சங்கமே சுதந்தரமான சங்கம்.

‘எங்களிடம் சேமிக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு மலேசியத் தமிழர்களின் சான்றைக் காட்டலாம். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையாகி, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்து நின்ற காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் விலைக்கு வாங்கிற்று. நேற்று வரை கூலிக்கு வேலை செய்தவர்களின் சங்கம் தோட்டத்திற்கு உடைமையாயிற்று.

கடல் கடந்து போகவும் வேண்டியதில்லை. நம் தெருவிலேயே மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. வாரந்தோறும் கூடி, சிறு தொகை சேமித்து, தம்முள் கடன் கொடுத்து, தவணை தவறியவர் வீட்டுக்கு மறுநாளே சென்று காரணம் கேட்கிறார்கள். ரெய்பைசன் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் வழியில் நடக்கிறவர்கள் அவர்களே. இருநூறு அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஐந்து ஆண்டில், வட்டி நீங்கலாகவே, 12 லட்சம். திடீரென்று வரும் வைத்தியச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தண்டல்காரரை நாடாதிருக்க இது போதும். நெசவாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியைச் சேமித்தால் அரசும் தன் பங்கைச் சேர்க்கும் திட்டம் இருக்கிறது. அதில் சேராதிருப்பவர் கைக்கு வந்த பணத்தை வேண்டாமென்று சொல்கிறவராவார்.

அவருக்கு என் விடை

முடிவாக, மாட்டை விற்றுக் கடன் கட்டிய அந்தப் பெரியவருக்கு வருவோம். அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை காலம் கழித்து இந்தப் பத்திரிகையின் வாயிலாக விடை சொல்கிறேன்.

ஐயா, பணக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு நஷ்டம்தான். அதை மறைத்துப் பேசுவது அழகன்று. ஆனால் நீங்கள் கட்டிய பணத்தைப் பின்னாளில் அந்தச் சங்கத்தின் பேரேட்டில் தேடிப் பார்த்தேன். அந்த மாதத்திலேயே அது வேறிருவருக்கு உளுந்து விதைப்புக் கடனாகப் பட்டுவாடா ஆகியிருந்தது. அவ்விருவரும் அந்தப் பருவத்தில் தண்டல்காரரிடம் போகவில்லை. அது உங்களால் நடந்தது. நீங்கள் ஏமாளியல்லர். உங்களைப் போன்றவர்கள் இருப்பதனாலேயே அந்தச் சங்கத்தின் கதவு இன்னும் திறந்திருக்கிறது. தவறு செய்தவர்கள் நாங்கள். கட்டாதவர் பட்டியலை ஆண்டுதோறும் தயாரிக்கிற நாங்கள், கட்டியவர் பட்டியலை ஒரு நாளும் வாசித்ததில்லை.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் யோசனை இது. வருகிற பொதுப் பேரவையில் தவணை தவறாமல் கட்டியவர்களின் பெயர்களை ஊரறிய வாசிக்க வேண்டுமென்று கேளுங்கள். விதைப்புப் பருவத்தில் கடன் பட்டுவாடா தொடங்கும்போது அவர்களுக்கு முதல் வரிசை வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவாருங்கள். இயற்கையின் சீற்றத்தால் கட்ட இயலாதவர் யார், இயன்றும் கட்டாதவர் யார் என்பதை உங்கள் கிராமத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கூடி எழுதிக் கொடுங்கள். அதிகாரிகளாகிய நாங்கள் அதை மதித்தே ஆக வேண்டும். ஒவ்வொருவரும் சங்கத்தில் ஒரு சிறு சேமிப்புக் கணக்கேனும் வைத்திருங்கள். கூட்டத்தில் குறைந்தது ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை, அரசாணை வேண்டியதில்லை, நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. ஊர் கூடினால் தேர் நகரும். சங்கத்தின் பெயர்ப்பலகையில் ‘நாணயம்’ என்ற சொல்லை மறுபடியும் எழுத இயலாமற் போகலாம். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அதை எழுதுவது நம் கையில்தான் இருக்கிறது.